பாடுகிறவள் எங்கே நிற்கிறாள்?

லிஃப்ட்டுக்குள் மாட்டிக்கொண்ட ஆளிடம் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று யாரைக் கேட்டாலும், "பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும் என்பார்கள். அதைவிட மட்டமான யோசனை கிடையாது. பயப்படாதே என்று ஒருவர் சொன்ன பிறகுதான், ஓகோ, இதில் பயப்பட ஏதோ இருக்கிறது போல என்று மனிதனுக்கு உறைக்கும். அவள் அப்படிச் சொல்லவே மாட்டாள். "எங்க நிக்கிறீங்க?" என்று கேட்பாள். எந்தக் கட்டடம், எந்த மாடிக்குப் பக்கத்தில், கதவுக்கு நேராகவா, மூலையிலா. பதில் சொல்லச் சொல்ல அந்த ஆளின் மூச்சு தானாக நிதானத்துக்கு வந்துவிடும்.

லிஃப்ட்டுகளில் மணிப் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்குமே, அதை அழுத்தினால் குரல் போய்ச் சேருவது அவள் காதுக்குத்தான். பராமரிப்புக் கம்பெனியின் அவசர அழைப்பு அறையில் வேலை. ஜன்னல் இல்லாத அறை, எதிரே சுவரகலத்துக்கு ஒரு பேனல், தலையில் ஹெட்ஃபோன். ஊரில் அவர்கள் பொறுப்பில் இருக்கும் லிஃப்ட்டெல்லாம் அந்தப் பேனலில் பச்சைப் புள்ளியாக எரியும், நின்றுபோனால் சிவப்பு. வருஷக்கணக்கில் இதையே செய்து செய்து அவளுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது. குரல் என்று ஒன்று கேட்டால் போதும், அந்தக் குரலுக்கு உரியவர் எங்கே நிற்கிறார் என்று மனம் இடம் தேட ஆரம்பித்துவிடும். இடம் கிடைக்கிறவரை இருப்புக்கொள்ளாது.

வீட்டு ஸ்டீரியோவில் அவளுக்கு நிம்மதி போனது இதனால்தான்.

வேலை முடிந்து வந்தால் அவளுக்கு வேண்டியது அரை மணி நேரம் பாட்டு. அதற்கென்று ஹாலின் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலி. எதிர்ச் சுவரில் வலது பக்கம் ஒரு ஸ்பீக்கர், இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர், நடுவில் செருப்பு ஸ்டாண்டு, பக்கத்து அலமாரியில் ஆம்ப்ளிஃபயரும் சி.டி. பிளேயரும். அவளுக்கு மிகவும் பிடித்த ஒரு சி.டி. இருந்தது. ஒரே ஒரு பெண் பாடுவாள், பின்னால் ஒரே ஒரு வீணை. இவ்வளவு எளிமையான பாட்டில் பாடுகிறவளைக் கண்டுபிடிப்பது எவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும்? ஆனால் அவள் அகப்படவே மாட்டாள். வலது பக்கமும் இல்லை, இடது பக்கமும் இல்லை, நடுவில் சுத்தமாக இல்லை.

"பாடறவ எங்க நிக்கிறான்னே தெரியலைங்க" என்று கணவனிடம் சொன்னாள்.

"எதுக்கு நிக்கணும்? பாவம், உக்காந்து பாடியிருப்பா" என்றான் அவன்.

அவன் பெயிண்டர். வீடுகளுக்கு உள்வேலை செய்கிறவன். நாள் முழுக்க ஏணியில் நின்றுவிட்டு வந்தால் சோபாவின் இடது ஓரத்தில், இடது ஸ்பீக்கருக்கு நேர் கீழே தலையை வைத்துப் படுத்துவிடுவான். ஒரே ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பவனுக்கு எல்லாப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும். அவனுக்குப் புரிகிற பாஷையில் அவள் சொல்லிப் பார்த்தாள். தண்ணீர் அதிகமாகக் கலந்து அடித்த பெயிண்ட் மாதிரி அந்தக் குரல் ஹால் முழுக்கப் பரவிக் கிடக்கிறது, எந்த இடத்திலும் பிடிக்கவில்லை என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்து யோசித்தான். பெயிண்ட்டில் தண்ணீர் கலப்பதைப் பற்றி யார் பேசினாலும் அவனால் படுத்திருக்க முடியாது.

பெயிண்டரைப் பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது ஸ்டீரியோ வாங்கியதும், அதன் ஒயர்கள் சுவரோரமாகத் தொங்கியது அவன் கண்ணை உறுத்தியது. பிறர் வீட்டுச் சுவரையெல்லாம் கண்ணாடி மாதிரி இழைத்துக் கொடுப்பவன் வீட்டில் ஒயர் தொங்கலாமா? அவற்றைச் சுவரின் நிறத்திலேயே அடித்து, தரையோரக் கட்டையை ஒட்டிக் கொண்டுபோய், கதவு நிலையைச் சுற்றி ஏற்றி இறக்கி, பொருத்துகிற இடங்களில் கையால் மெழுகி, ஒயர் என்று ஒன்று அந்த வீட்டில் இருக்கிற சுவடே தெரியாமல் பண்ணிவிட்டான். சுவரின் நிறமும் லேசுப்பட்டதில்லை. சாம்பல் என்று நீங்கள் சொன்னால் சண்டைக்கு வருவான். அதில் ஒரு சொட்டு நீலம் இருக்கிறது. புதிதாக வேலை கொடுக்க வருகிறவர்களை வீட்டுக்கே கூட்டிவந்து, ஸ்பீக்கருக்குப் போகிற ஒயர் எங்கே என்று காட்டுங்கள் பார்க்கலாம் என்பான். ஒருவராலும் முடிந்ததில்லை. அந்த ஒயரைக் காட்டியே, அதாவது காட்டாமலேயே, அவன் பிடித்த வேலைகள் ஏராளம்.

பாடகியைக் காணோம் என்ற புகார் சுற்றிச் சுற்றி அவளுடைய அக்கா வீட்டுக்காரர் காதுக்குப் போயிற்று. அத்தானுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை, ஆனால் அது பேருக்குத்தான். அவருடைய உண்மையான வேலை சத்தம். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் அந்த வீட்டு ஸ்பீக்கரைத் தட்டிப் பார்ப்பார், பிறகுதான் மனிதர்களை நலம் விசாரிப்பார். பெயிண்டர் அவருக்கு வைத்திருந்த பேர் டெசிபல். நேரில் மட்டும் மரியாதையாகச் சகலை.

டெசிபல் வந்தார். ஸ்பீக்கர்மேல் கையை வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார், நாடி பார்க்கிற மாதிரி. ஆம்ப்ளிஃபயருக்குப் பவர் பத்தவில்லை என்று தீர்ப்புச் சொன்னார். இது ஆம்ப்ளிஃபயரே இல்லை, கொசு. கொசுவை வைத்துக்கொண்டு பாடகியை எங்கே தேடுவது? நல்லதாக ஒன்று வாங்கினால் தன்னால் வந்து நிற்பாள்.

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. நோய் இருக்கிறது என்று ஒருவராவது ஒப்புக்கொண்டாரே! மறுவாரமே மூன்று பேரும் கடைக்குக் கிளம்பினார்கள்.

கடைக்காரர் சத்தம் போட்டுப் பேசாத மனிதர். சவரப் பிரஷ் ஒன்றை வைத்து ஆம்ப்ளிஃபயர்களின் திருகுகளைத் துடைத்தபடியே பேசுவார். எந்தப் பெட்டியையும் வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்க்காமல் வாங்க வேண்டாம் என்பது அவர் கடையின் சட்டம். பின்னால் திரை தொங்கவிட்ட ஓர் அறையில் நாற்காலி போட்டு அவளை உட்கார வைத்தார். அவள் பையிலிருந்து சி.டி.யை எடுத்துக் கொடுத்தாள். இருப்பதிலேயே சின்னப் பெட்டியில் ஆரம்பித்தார். வெள்ளி நிறம், ஒரே ஒரு திருகு, கையடக்கமாக இருந்தது.

பாட்டு ஆரம்பித்ததுதான் தாமதம், அவள் கையை நீட்டிவிட்டாள். இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், அவள் முகத்துக்கு நேராக, ஓர் ஆள் உயரத்தில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வீணை அவளுக்கு வலது பக்கம் கொஞ்சம் தள்ளி. இத்தனை நாள் சேர்ந்து வாழ்ந்தும் முகம் பார்க்காத ஒருத்தி நேரில் வந்து நின்றது போலிருந்தது அவளுக்கு. அவ்வளவு சந்தோஷம்.

பெட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது, வீட்டில் ஒயர் எல்லாம் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கடைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

"ஒயரா?" என்றான் பெயிண்டர். "எங்க வீட்டுக்கு வந்து ஒயரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க, உங்க கடைக்கு நான் சும்மாவே பெயிண்ட் அடிச்சுத் தரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். கடைக்காரர் சுவரெல்லாம் அழுக்காகத்தான் இருக்கிறது என்று சொல்லி அவரும் சிரித்தார். கேள்வி அந்தச் சிரிப்போடு சிரிப்பாகக் காணாமல் போயிற்று.

வீட்டில் பெயிண்டர் பழைய பெட்டியைக் கழற்றி, புதியதை மாட்டினான். அலமாரிக்குப் பின்னால் ஒயர் நுனிகளில் அவன் காகித டேப் ஒட்டி, மேல், கீழ், வலது, இடது என்று குண்டுகுண்டாக எழுதி வைத்திருந்தான். எது எங்கே இருந்ததோ அதை அங்கேயே மாட்டினான், ஒரு பிசகு இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். பாட்டு வந்தது. பாடகி வரவில்லை.

பவர் பத்தவில்லை என்றார் அத்தான். இரண்டாவது பெட்டி கறுப்பு, முன்பக்கம் முழுக்கப் பொத்தான். கடையில் பாடகி நின்றாள், வீட்டில் கரைந்துபோனாள். மூன்றாவது பெட்டியை இரண்டு பேர் தூக்க வேண்டியிருந்தது. அதில் இரண்டு முட்கள் நீல வெளிச்சத்தில் துள்ளிக் குதிக்கும். அதை மாட்டியபோது அலமாரிப் பலகை முனகியது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, எதிர் வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. பாடகி மட்டும் வரவில்லை.

அத்தானைப் பிரம்பு நாற்காலியில் உட்காரவைத்து, பாடகி எங்கே நிற்கிறாள் என்று நீங்களே சொல்லுங்கள் என்றாள். மனிதர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டார். அவருக்கும் ஒன்றும் அகப்படவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் ஒப்புக்கொண்டால் டெசிபல் ஆவாரா?

"எல்லா இடத்துலயும் நிக்கிறா. அதுதாம்மா ஸ்டீரியோ" என்றார்.

இதற்குப் பிறகு விஷயம் வேறு பக்கம் திரும்பியது. பெட்டியில் குறை இல்லை, மூன்று பெட்டியிலும் குறை இருக்க முடியாது. அப்படியானால் குறை எங்கே? கடைக்காரர் திருகைத் துடைத்தபடி, தவறாக நினைக்கக் கூடாது, சில பேருக்குக் கடையில் கேட்பது வீட்டில் கேட்காது, அதற்கு மனசுதான் காரணம் என்றார். அக்கா போன் பண்ணி, நாள் முழுக்க ஹெட்ஃபோன் போட்டால் காது என்னத்துக்கு ஆகும், ஒரு டாக்டரைப் பார் என்றாள். பெயிண்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் அவளுக்கு வலித்தது.

ஏனென்றால் இது வெறும் பாட்டு விவகாரமாக இல்லை. காதை நம்பிப் பிழைக்கிறவள் அவள். இல்லாத ஒன்று கேட்கிறது, இருக்கிற ஒன்று கேட்கவில்லை என்று நாலு பேர் சொன்னால், நாளைக்கு ஒருத்தன் லிஃப்ட்டுக்குள்ளிருந்து கூப்பிடும்போது அவள் எதை நம்புவாள்? ஒருநாள் வேலையில் ஓர் ஆளிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டாள். அந்த ஆளே, "ஏம்மா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார். லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர் இவளுக்கு ஆறுதல் சொல்லும்படி ஆகிவிட்டது. அன்றைக்கு அவளுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

அதனால் சாயங்காலம் பொய் சொன்னாள். மூன்றாவது பெட்டியே நன்றாக இருக்கிறது, அதையே வைத்துக்கொள்ளலாம் என்றாள். அத்தானுக்குக் கொண்டாட்டம். பெரிசு பெரிசுதான் என்று போனிலேயே வெளுத்து வாங்கினார். அப்படியானால் பழைய பெட்டியை நாளைக்கு வந்து எடுத்துக்கொள்கிறேன், கொசுவானாலும் சமையலறைக்கு ஆகும் என்று சொல்லி வைத்தார். அவள் பிரம்பு நாற்காலியைத் தூக்கி ஜன்னல் பக்கம் போட்டுவிட்டு, அரிய வேண்டிய காய்கறிகளோடு உள்ளே போய்விட்டாள். பெயிண்டர் சோபாவில் எழுந்து உட்கார்ந்து, நாற்காலி இருந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை வேலைக்குப் போய் உட்கார்ந்ததும் ஓர் அழைப்பு. இரட்டை லிஃப்ட் உள்ள கட்டடம் ஒன்று. பேசியவர் ஒரு பெரியவர். இடது லிஃப்ட்டில் நிற்கிறேன், கதவு திறக்கவில்லை என்றார். பேனலில் இடது லிஃப்ட்டுக்குப் பச்சை. வலது லிஃப்ட்டுக்குத்தான் சிவப்பு. பக்கத்து மேஜையில் இருந்த மெக்கானிக், ஆள் பதற்றத்தில் இடமும் வலமும் தெரியாமல் உளறுகிறார், வலது லிஃப்ட்டைத் திறக்கச் சொல் என்றான். கட்டடத்துக் காவலாளிகள் ஏற்கெனவே வலது லிஃப்ட்டைத் திறந்து பார்த்தாயிற்று, காலி. அப்படியானால் உள்ளே யாருமே இல்லை, சும்மா விளையாட்டு என்றான்.

அவள் ஒரு கணம் தடுமாறினாள். முந்தின நாள் பயம் மறுபடி எட்டிப் பார்த்தது. ஆனால் காதில் அந்தக் குரல் இரும்புச் சுவர்களில் பட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. மூலையில் நிற்கிற குரல்.

"நான் உங்களை நம்பறேங்க" என்றாள் அவரிடம். "நீங்க இடது லிஃப்ட்டுலதான் நிக்கிறீங்க. கதவுக்கு எதிர் மூலையில. இப்ப ஆள் வருது."

வந்தது. பெரியவர் இடது லிஃப்ட்டிலிருந்து, தொப்பியைச் சரிபண்ணிக்கொண்டு, சிரித்தபடி வெளியே வந்தாராம். அங்கே போய்ப் பார்த்த மெக்கானிக் மத்தியானம் அசடு வழியத் திரும்பினான். அந்தக் கட்டடத்துப் பேனலில் எத்தனையோ தடவை தகராறு வந்து, விளக்கை மாற்றி, சர்க்யூட் கார்டை மாற்றி, பேனலையே மாற்றியும் பார்த்திருக்கிறார்கள். பெட்டிக்குப் பெட்டி மாற்றினார்களே தவிர, ஆரம்பத்தில் சுவருக்குள் ஒயர் இழுத்தவன் இரண்டு லிஃப்ட்டுக்கும் இடம் மாற்றி இழுத்துவிட்டான் என்பது யாருக்கும் தோன்றவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒயரை யார் நினைக்கிறார்கள் என்றான் மெக்கானிக்.

டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது அத்தான் பழைய ஆம்ப்ளிஃபயரை ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். பெயிண்டர் முடிச்சுப் போட விரல் கொடுத்துக்கொண்டிருந்தான். அவள் பையைக் கீழே வைக்கவில்லை. ஒயரைச் சுரண்டிப் பார்க்க வேண்டும் என்றாள்.

கயிற்றிலிருந்து விரலை உருவிக்கொண்டான் பெயிண்டர். அவன் முகம் கறுத்துவிட்டது. ஒயரில் என்ன தப்பு இருக்கும், அது நான் மாட்டினது என்றான். அந்தச் சுவரை மறுபடி அந்த நிறத்துக்குக் கொண்டுவர முடியாது, அந்த ஒரு சொட்டு நீலம் எத்தனை துளி என்பது எனக்கே மறந்துபோயிற்று என்றான். அத்தானோ, பெட்டி கட்டியாகிவிட்டது, நேற்று நன்றாக இருக்கிறது என்று சொன்னவள் இன்று ஒயர் என்கிறாள், நாளைக்கு ஜன்னல் என்பாள் என்று நக்கலடித்தார்.

"நேத்து சொன்னது பொய்" என்றாள் அவள். "முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கெல்லாம் தினம் ஒரு வார்த்தை சொல்றேன். நான் உங்களை நம்பறேன்னு. அதைக் கேட்டதும் அவங்களுக்கு எப்படி மூச்சு வருது தெரியுமா? எனக்கும் யாராவது ஒருத்தர் அதைச் சொல்லுங்களேன். ஒரே ஒரு தடவை."

அத்தான் கையிலிருந்த கயிற்றைக் கீழே விட்டார். பெயிண்டர் அவளைப் பார்த்தான், ஜன்னலோரம் கிடந்த நாற்காலியைப் பார்த்தான். எழுந்து போய்த் தன் வேலைப் பையிலிருந்து பட்டி சுரண்டுகிற தகட்டை எடுத்து வந்தான்.

இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் மண்டியிட்டுச் சுரண்டினான். பழுத்த தோல் மாதிரி பெயிண்ட் உரிந்து வந்தது. உள்ளே ஒட்டி ஓடுகிற இரட்டை ஒயரில் ஒன்றின் முதுகில் மெல்லிய சிவப்புக் கோடு. அந்தக் கோடு போட்ட ஒயர் ஸ்பீக்கரின் சிவப்புத் திருகில் இருந்தது. சரி. வலது ஸ்பீக்கரிடம் போனான். சுரண்டினான். அங்கே சிவப்புக் கோடு கறுப்புத் திருகில் இருந்தது. அலமாரிக்குப் பின்னால் போய் அங்கேயும் சுரண்டிப் பார்த்தான். அங்கே எல்லாம் சரியாக இருந்தது, டேப் எழுத்து உட்பட. ஆக ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறது. நடுவில் நிற்க வேண்டியவளை இரண்டு பக்கமும் சேர்ந்து அழித்துக்கொண்டிருந்தன, வருஷக்கணக்காக.

பெயிண்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. வேறு எந்த மனிதனாக இருந்தாலும் ஒயரை மாட்டிவிட்டுப் பிறகு பெயிண்ட் அடித்திருப்பான். இவன் தொழில் தெரிந்தவன். மாட்டிய பிறகு அடித்தால் சுவரில் படும், மடிப்பில் திட்டு விழும். அதனால் பால்கனியில் பழைய பேப்பரை விரித்து, ஒயரைப் படுக்கப்போட்டு, இரண்டு கோட்டு அடித்து, காயவைத்து, அதன் பிறகுதான் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான். அதற்குள் சிவப்புக் கோடு சாம்பலுக்குள், மன்னிக்கவும், நீலம் கலந்த சாம்பலுக்குள் போய்விட்டது. இரண்டு நுனியும் ஒரே நிறம். கைக்கு வந்ததைக் கைக்கு வந்த இடத்தில் முறுக்கிவிட்டான்.

"நான்தான்" என்றான் தரையைப் பார்த்தபடி. "மாட்டறதுக்கு முன்னாடியே பெயிண்ட் அடிச்சுட்டேன்."

அவனே வலது ஸ்பீக்கரின் இரண்டு நுனிகளையும் இடம் மாற்றி முறுக்கினான். அலமாரியில் இருந்த பெரிய பெட்டியைப் போடப் போனபோது அவள் தடுத்தாள். கயிறு கட்டிய அட்டைப்பெட்டியைப் பிரித்து, பழைய பெட்டியை மாட்டச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, பெரிசில் கேட்டால் பெரிசால்தான் கேட்கிறது என்று அத்தான் சொல்லிவிடுவார் என்றாள். அத்தான் முணுமுணுத்துக்கொண்டே கயிற்றை அவிழ்த்தார்.

நாற்காலி நடுவுக்கு வந்தது. பாட்டு ஆரம்பித்தது.

செருப்பு ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு ஸ்பீக்கருக்கும் நட்டநடுவில், அந்தப் பெண் வந்து நின்றாள். நின்ற இடம் நல்ல இடம் இல்லைதான், காலடியில் மூன்று ஜோடிச் செருப்பு. ஆனால் தயக்கமே இல்லாமல் நின்று பாடினாள். வீணையில் அடிக்கம்பி இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, தரையோடு அதிர்ந்து வந்தது. அதுவும் கொசு என்று பேர் வாங்கிய பெட்டியிலிருந்து. அவள் கையை நீட்டிக் காட்டினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதை நினைத்து அவளுக்கே சிரிப்பும் வந்தது.

பிறகு எழுந்து, கணவனை அந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். அந்த வீட்டில் அவன் அந்த இடத்தில் உட்காருவது அதுதான் முதல் தடவை. கொஞ்ச நேரம் கேட்டான். மெல்ல அவன் கையும் மேலே போயிற்று, செருப்பு ஸ்டாண்டைக் காட்டி.

"அட, நிக்கிறா" என்றான்.

அத்தானும் உட்கார்ந்து கேட்டார். எழுந்திருக்கும்போது, ஆரம்பத்திலேயே ஒயர் என்று எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது என்று சொல்லிப் பார்த்தார். மற்ற இருவரும் சிரித்த சிரிப்பில் பாட்டே கேட்கவில்லை. அவர் சமாளித்துக்கொண்டு, அப்போ புதுப் பெட்டி வேண்டாம், அப்படித்தானே என்று கேட்டார்.

இப்போதுதான் வேண்டும் என்றாள் அவள். இப்போதுதான் கேட்கிறதே!

சனிக்கிழமை கடைக்காரரிடமிருந்து மற்ற இரண்டு பெட்டிகளையும் மறுபடி வாங்கி வந்து, மூன்றையும் வரிசையாக மாட்டிக் கேட்டாள். என்ன தப்பு நடந்தது என்று தெரிந்ததும் கடைக்காரர் சவரப் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, மனசு என்று சொன்னதற்கு வருத்தப்படுகிறேன் என்றார். அதை அவள் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை. கறுப்புப் பெட்டியில் பாடகி நன்றாக நின்றாள், ஆனால் யாரோ போட்டோ எடுக்கப் போகிற மாதிரி விறைத்துக்கொண்டு நின்றாள். பெரிய பெட்டியில் ஒரு சுற்றுப் பருத்துவிட்டாள். கடைசியாக அந்தச் சின்ன வெள்ளிப் பெட்டி. பாட்டில் முதல் வரி முடிந்து இரண்டாவது வரி எடுப்பதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி வரும். பழைய பெட்டியில் அது வெறும் இடைவெளிதான். இதில் அங்கே ஏதோ இருந்தது. அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். திரும்ப ஒரு தடவை போடச் சொன்னாள். பாடகி அந்த இடத்தில் மூச்சு வாங்கினாள். வாழ்க்கை முழுக்க ஹெட்ஃபோனில் மனிதர்களின் மூச்சைக் கேட்டவளுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இதுதான் என்று சொல்லிவிட்டாள். பவர் பத்தாதே என்று அத்தான் இழுத்தார். ஆனால் பழைய பெட்டி தனக்குத்தான் என்பது உறுதியானதும் அவர் குரலிலும் பவர் குறைந்துவிட்டது.

மிச்சம் இருந்தது சுவர். சுரண்டிய இடங்கள் சொறிபிடித்த மாதிரி நின்றன. அவளுக்கு உள்ளுக்குள் உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வேலை. கிளம்பும்போது, பழையபடி தெரியாமல் பண்ணிவிட முடியுமா என்று தயங்கிக் கேட்டாள். பார்க்கலாம் என்று பிடிகொடுக்காமல் சொன்னான் பெயிண்டர். அவன் ஏற்கெனவே பழைய பேப்பரை விரித்துக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் அவள் வந்தபோது அத்தான் ஹால் நடுவில் இடுப்பில் கை வைத்து நின்றார், பழைய பெட்டியை எடுத்துப்போக வந்தவர். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறந்துபோயிற்று என்று சொன்ன நீலத்தைப் பெயிண்டர் எப்படியோ பிடித்திருந்தான், சுவர் மறுபடி அந்த நீலம் கலந்த சாம்பலில் பளிச்சென்று இருந்தது. அதன் குறுக்கே, அலமாரியிலிருந்து தரைக்கட்டை ஓரமாகப் போய், கதவு நிலையைச் சுற்றி ஏறி இறங்கி, ஸ்பீக்கர்வரை அந்த ஒயர் ஓடியது. முழுக்க ரத்தச் சிவப்பில். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே கண்ணில் அறைகிற சிவப்பு.

அத்தானுக்கு மனசே ஆறவில்லை. "என்ன சகல இது? எவ்வளவு அழகான சுவரு. வேலை குடுக்க வர்றவங்க கேட்டா என்ன சொல்லுவீங்க?"

பெயிண்டர் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்க்கவில்லை. அவன் காதுமடல் மட்டும் சிவந்திருந்தது.

"எம் பொண்டாட்டி அன்னிக்கே சொன்னா, நான்தான் நம்பலைன்னு சொல்லுவேன்" என்றான். "அது கண்ணுல படற இடத்துல இருக்கட்டும், சகல."

அவள் பையை எங்கே வைத்தாள் என்று அவளுக்கே தெரியாது. போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் அவனுக்கு இடம் விட்டாள். ஓர் ஆள் உட்காருகிற நாற்காலி அது. இருந்தாலும் அவன் வந்து எப்படியோ உட்கார்ந்துவிட்டான்.

"பாட்டைப் போடுங்க அத்தான்" என்றாள்.